ஒரு மாத மழைக்கு ஆறரைக் கிலோ

"ஆனி அடியிடாதே, கூனி குடிபுகாதேன்னு சும்மாவால சொன்னாங்க?" என்றார் அம்மா. அது வீடு மாறுவதைப் பற்றிய பழமொழி, ஊர் சுற்றுவதற்குப் பொருந்தாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நடையில் கிடந்த என் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது லேசாக நகர்ந்துவிட்டதில் அவர் கவலை இன்னும் கூடிவிட்டது. "ஒரு மாசத்துக்குப் போறவன் பையால இது? பள்ளிக்கூடத்துப் பிள்ளை இதைவிடக் கூடத் தூக்கிட்டுப் போவுது."

முந்தின நாள்தான் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன். 6 கிலோ 400 கிராம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அரிசி மூட்டை சுமக்கிறவனே எடை பார்க்க மாட்டான் அண்ணாச்சி" என்றார்.

2024-ஆம் வருடம் அது. மே 30 அன்று கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. மழைக்குப் பின்னாலேயே மேற்குக் கரையில் ஒவ்வொரு ஊராக ஏறிப் போவது என் திட்டம். திருவனந்தபுரம், ஆலப்புழை, கோழிக்கோடு, கண்ணூர், உடுப்பி, ஆகும்பே, கோவா, கடைசியில் ரத்னகிரி. ஜூன் 16-ஆம் தேதி திருநெல்வேலியில் ரயில் ஏறினேன்.

இதே ஆசையோடு 2013-இலும் ஒருமுறை கிளம்பியிருக்கிறேன். பத்து நாள் பயணம், பதினேழு கிலோப் பெட்டி. நாளுக்கு ஒரு சட்டை என்று கணக்குப் போட்டுப் பத்துச் சட்டை, மூன்று ஜீன்ஸ், ஒரு டர்க்கித் துண்டு, தோல் ஷூ. இரவுப் பேருந்தின் அடி டிக்கியில் போட்டதோடு சரி. காலையில் இறங்கி எடுத்தபோது பெட்டியின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. எந்த நிறுவனத்துப் பேருந்து என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த மழைக்கு யார் டிக்கியானாலும் ஒழுகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விடுதி அறையில் கொடி கட்டி, ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, கதவுப் பிடி என்று கண்ட இடமெல்லாம் துணியைத் தொங்கவிட்டேன். மூன்று நாள் ஆகியும் ஜீன்ஸ் காயவில்லை. நான்காம் நாள் அறை முழுக்க ஒரு நாற்றம், ஊறப்போட்டு மறந்துபோன அரிசிமாவு மாதிரி. ஐந்தாம் நாள் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டேன்.

அப்போது எனக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. நான் பிறந்து வளர்ந்த ஊரில் துணி காய்வது ஒரு பிரச்சினையே கிடையாது. ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வெறுங்கையோடு வரும் காற்றுதான் எங்களுக்கு. முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் எல்லாம் அதை நம்பித்தான் சுற்றுகின்றன. மொட்டைமாடியில் சேலையைக் காயப்போட்டுவிட்டுப் படியிறங்கி வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். இப்படிப்பட்ட ஊர்க்காரன் துணியை நாள் கணக்கில்தான் எண்ணுவான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களோ ஒரு துணியைக் கையில் எடுத்ததும், இது காய எத்தனை நாள் ஆகும் என்றுதான் யோசிக்கிறார்கள்.

கண்ணூரில் நான் தங்கிய விடுதியில் ஒரு வயதான வேலைக்காரர் இருந்தார். முதல் நாள் என் சட்டையைப் பின்பக்க வராந்தாவில் போடப் போனபோது எட்டிப் பார்த்து, "ஒணங்ஙூல" என்றார். காயாது என்று அர்த்தம். நம் உணங்கல், கருவாடு உணங்குவது, எல்லாம் அதே வார்த்தைதான். மலையாளத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. அப்புறம் அவரே அறைக்குள் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் ஒரு முழம் தள்ளிக் கயிறு கட்டித் தந்தார். இறக்கையின் நடுப்பகுதிக்குக் கீழே காற்று அடிக்காதாம், ஓரத்தில்தான் அடிக்குமாம். கையை நீட்டிப் பார்த்தேன். உண்மைதான். நாற்பத்து மூன்று வயது வரை மின்விசிறிக்கடியில் படுத்துறங்கியவனுக்கு இது தெரியவில்லை.

காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் தண்ணீரைக் குடிக்க அதற்கு வயிற்றில் இடமில்லை. அந்த நேரத்தில் பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் அநேகமாகப் போகவே போகாது, இழைகளுக்கு இடையில்தான் நிற்கும், பிழிந்தால் வந்துவிடும். கோடையில் பாலியஸ்டர் போட்டவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்த மாதிரி மழையில் அவன்தான் புத்திசாலி. என் ஜீன்ஸ் காய்ந்திருக்கும்போது 700 கிராம். வாளியிலிருந்து எடுத்துப் பிழிந்த பிறகும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையவில்லை. அதாவது 2013-இல் நான் தூக்கிக்கொண்டு திரிந்ததில் பாதி மேற்குக் கரையின் தண்ணீர்.

இந்த முறை என்ன கொண்டுபோனேன் என்று பலர் கேட்டார்கள். மேல்சட்டை மூன்று, மூன்றும் மெல்லிய பாலியஸ்டர். ஒரு நைலான் பேன்ட், ஒரு அரைக்கால் டவுசர், ஒரு லுங்கி. உள்ளாடை நான்கு. ஈரிழைத் துண்டு இரண்டு. அவ்வளவுதான் துணி. லுங்கி மட்டும் பருத்தி. அதற்குக் காரணம் சொல்ல முடியாது, லுங்கி பருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஈரிழைத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயணத்துக்கென்று தனியாக விற்கும் மைக்ரோஃபைபர் துண்டு ஒன்றையும் நண்பர் பேச்சைக் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். மெத்தென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சும், எல்லாம் சரி. நான்காம் நாள் நாறத் தொடங்கிவிட்டது. கோழிக்கோட்டு விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தேன். நம் துண்டோ நூறு கிராம் கனம் இருந்தால் அதிகம், எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி நெய்தது. தலை துவட்டலாம், இடுப்பில் கட்டலாம், தலையில் போடலாம், ரயிலில் இருக்கையைத் துடைக்கலாம், சந்தையில் வாங்கியதை முடிந்து வரலாம். மலையாளிகளும் தோர்த்து என்று இதையேதான் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் மழை பார்க்கிறவர்கள் அதைவிட்டு மாறாமல் இருப்பதே எனக்குப் போதுமான சான்று. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. துவைத்த சட்டையை விரித்த உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் சட்டையின் ஈரத்தில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். துண்டு சீக்கிரம் காயும். சட்டையும் காலைக்குள் காயும்.

மூன்று சட்டையில் ஒன்றும் லுங்கியும் ஓர் உள்ளாடையும் தனி. அவற்றை மடித் துணி என்று பெயரிட்டு வைத்திருந்தேன். கல்லூரியில் உடன் படித்த நண்பன் வீட்டு அக்ரகாரத்தில் அவன் பாட்டியின் புடவை உத்தரத்தை ஒட்டிய மூங்கில் கழியில் உயரத்தில் காயும். யாரும் தொடக்கூடாது. பாட்டியே ஒரு கோலால்தான் எடுப்பார். எனக்கு ஆசாரம் எல்லாம் கிடையாது. ஆனால் என் மடித் துணியை மழை தொடக்கூடாது என்பதில் அந்தப் பாட்டியை மிஞ்சிவிட்டேன். அறைக்குள் நுழைந்து, குளித்து, துவட்டிய பிறகுதான் அது பையை விட்டு வெளியே வரும். காலையில் கிளம்பும்போது முந்தின நாள் ஈரச் சட்டையையே திரும்ப மாட்டிக்கொண்டு, மடித் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். சில்லென்ற ஈரச் சட்டைக்குள் கையை நுழைக்கும் அந்த அரை நிமிடம் கொடுமைதான். "இன்றைக்கு மட்டும் காய்ந்ததையே போட்டுக்கொண்டு போவோம்" என்று தோன்றும். ஒரே ஒரு நாள், உடுப்பியில், அப்படிச் செய்தேன். வாசலைத் தாண்டி இருநூறு அடி போவதற்குள் கொட்டிவிட்டது. அன்றிரவு போட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் விடுதிப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள். பையின் முதுகுப் பக்கம் உறை மூடாது. கழுத்து வழியே இறங்கும் தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே வழிந்து, உறையின் அடியிலேயே தேங்கிப் பையை ஊறவைக்கும். எனக்கு வழி சொன்னது எங்கள் ஊர் உரக்கடைக்காரர். யூரியா மூட்டைக்குள் இருக்கிற மாதிரிப் பாலித்தீன் பை, பயன்படுத்தாதது, ஒன்று கொடுத்தார். பைக்குள்ளே முதலில் அதை இறக்கி, சாமான்களை எல்லாம் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடக்கிக் கட்டிவிட்டேன். வெளிப் பை நனையட்டும், கவலையில்லை. மடித் துணிக்கு மட்டும் அதற்குள்ளே இன்னொரு பை. ஈரத் துணி உள்ளே போகவே கூடாது, பையின் வெளிப்புற வலைப் பாக்கெட்டில்தான் அதற்கு இடம்.

குடை கொண்டுபோகவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம். மழை ஊரில் மழைச் சாமான் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் என்பது என் வாதம். ஆலப்புழையே குடைக்குப் பேர் போன ஊர்தானே. அங்கே இறங்கியதும் ஒன்று வாங்கினேன். பயணம் முடியும்வரை தாங்கியது. மழைக்கோட்டு எடுத்துப் போகிறவர்களைக் கண்டால் பரிதாபமாக இருக்கிறது. கரையோரத்தில் இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி வெப்பத்தில் ரப்பர் கோட்டு போட்டுப் பத்து நிமிடம் நடந்தால், வெளியே நின்று நனைவதைவிட உள்ளே அதிகம் நனைவோம்.

காற்றோடு வரும் மழைக்கு மட்டும் குடை உதவாது. ஆகும்பேயில் அதைப் பார்த்தேன். உடுப்பியிலிருந்து ஹெப்ரி வழியாகச் சின்னப் பேருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பது சுமார் 1,400. அங்கே மழை மேலேயிருந்து வருவதாகவே தெரியவில்லை, பக்கவாட்டில் வருகிறது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் யார் கையிலும் குடை இல்லை. சிலர் பிளாஸ்டிக் தாளைத் தலைமேல் முடிந்திருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் கொரபு என்ற பழைய சாமான் ஒன்றைக் காட்டினார்கள். மூங்கில் சட்டத்தில் இலை வேய்ந்து, பாதிப் படகைக் கவிழ்த்த மாதிரி. தலையிலிருந்து முதுகின் அடிவரை மூடும். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகுதானே கூரை? இரண்டு கையும் சும்மா இருக்கும். கொங்கணத்தில் இதற்கு இர்லே என்று பெயர். மேகாலயாவின் காசி மக்களிடம் இதே வடிவம், க்னூப் என்கிறார்கள். நம் ஊரில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காணி போடுவதும் இந்தக் குடும்பம்தான். எனக்கு ஒரு பாலித்தீன் தாளைக் கொங்காணியாக மடித்துத் தந்தார்கள். பையையும் சேர்த்து மூடியது.

அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மின்சாரம் அநேகமாக இல்லை. மின்விசிறிக்கடியில் ஒரு முழம் தள்ளிக் கயிறு கட்டும் என் புதுப் படிப்பு அங்கே செல்லாக்காசு. என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா ஈரத் துணியை எல்லாம் வாங்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். மலைநாட்டு வீடுகளில் குளியலறையில் ஒரு பெரிய செம்பு அண்டா பதித்து, அடியில் நாள் முழுக்கத் தீ மூட்டி வைத்திருப்பார்கள். விறகோடு உலர்ந்த பாக்குத் தொலியும் எரியும். அண்டாவுக்கு மேலே குறுக்காகக் கட்டிய கழிகளில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பெரியவரின் பனியன், நடுவே என் நைலான் பேன்ட். இரண்டு மணி நேரத்தில் மொரமொரவென்று திரும்பி வந்தது. புகை வாசனை ஊருக்கு வந்து இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. எனக்கு அது போகவும் வேண்டாம்.

அட்டைகளைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். உப்பும் புகையிலையும் சேர்த்துக் கட்டிய சின்னத் துணி முடிச்சைக் கணுக்காலில் தடவிக்கொண்டால் பெரும்பாலும் விட்டுவிடும். மழையில் உப்பு கரைந்துபோவதால் அடிக்கடி தடவ வேண்டும். என்னைப் படுத்தியது அட்டை இல்லை, சேற்றுப்புண். இரண்டாவது வாரம் விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, நடந்தால் உயிர்போனது. வயலில் நிற்கிறவர்களுக்கு வருவது, ஊர் சுற்ற வந்தவனுக்கும் வந்தது. மூடிய ஷூ போட்டதுதான் தப்பு. அதைக் கழற்றித் தானமாகக் கொடுத்துவிட்டு, பின்வார் வைத்த பிளாஸ்டிக் செருப்புக்கு மாறினேன். ஹவாய் செருப்பு வேண்டாம், நடக்க நடக்கச் சேற்றை முதுகு வரை தெளிக்கும், பாசி பிடித்த செம்புறைக்கல் படியில் ஆளைக் கவிழ்க்கும். காலையில் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய், இரவில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பூஞ்சைக்கான களிம்பு. ஒரு வாரத்தில் ஆறியது. காலில் இப்படிப் புண் இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பையின் கனம் உண்மையில் கணக்குக்கு வந்தது கோவாவின் மட்காவ் ரயில் நிலையத்தில். கொங்கண் ரயில் பாதையில் மழைக்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணையே உண்டு. அந்த வருடம் ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை. 2003, 2004 இரண்டு வருடமும் ஜூன் மாதத்தில் மண்ணும் பாறையும் சரிந்து பெரிய விபத்துகள் நடந்த பாதை அது. பலத்த மழையில் முன்னால் தெரியவில்லை என்றால் வண்டியை மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறைத்துவிடுவார்கள். ஆகவே தாமதத்தைப் பற்றிப் புலம்புவதில் அர்த்தமில்லை. ஜூலை 9-ஆம் தேதி பெர்னெம் பக்கத்துச் சுரங்கத்துக்குள் தண்ணீரும் சேறும் ஊறி வந்து, ரயில்கள் நின்றன. சில வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். நான் மட்காவ் நடைமேடையில்.

அன்றிரவும் மறுநாளும் அங்கே பார்த்தது மறக்காது. ஆளுக்கு மூன்று பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் அந்த இடத்தை விட்டு அசைய முடியாமல் இருந்தன. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மூவர் காவல். சாமான் காப்பறையில் போடலாம் என்றால் பூட்டில்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன், ஊருக்குள் நடந்து ஒரு தேய்ப்புக் கடையைக் கண்டுபிடித்து இரண்டு ஈரச் சட்டையையும் கரிப்பெட்டியால் தேய்த்து வாங்கினேன். மழைக்காலத்தில் அதைவிட வேகமான உலர்த்தி எதுவும் இல்லை. திரும்பி வந்து, லுங்கியை விரித்து, பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "இவ்வளவுதானா உங்கள் சாமான்?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தன் ஐந்து பெட்டியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பதினொன்றாம் தேதி ரத்னகிரி போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் பயணச்சீட்டு எடுத்தேன், சொகுசுக்காக என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டியின் காற்றில் ஈரம் குறைவு. மேல் படுக்கையின் கொக்கியில் மாட்டிய துண்டு இரவோடு இரவாகக் காய்ந்துவிடும்.

ஊர் வந்த அன்று ஆடி முதல் நாள். அம்மா பையைத் தூக்கிப் பார்த்தார். "என்னல, போறப்ப இருந்ததுக்குக் கூடக் கனக்கு?" ரத்னகிரியில் வாங்கிய, குழம்பில் புளிப்புக்குப் போடும் உலர்ந்த கோகம் இரண்டு கிலோவும், பலாப்பழ அப்பளக் கட்டும் உள்ளே இருந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, பையை முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எல்லாத் துணியையும் ஒரு முக்கு முக்கி அலசி மாடிக்குக் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். காற்று பேய் மாதிரி அடித்தது. கடைசிச் சட்டைக்குக் கிளிப் போட்டு முடிப்பதற்குள் முதல் சட்டை காய்ந்திருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்ல, புதுசாவா பாக்க?" என்றார் அம்மா. அதற்குள் கிளிப் போடாத ஈரிழைத் துண்டு ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்தது.